எழுதிக் கொடுக்கும் முன்பு

(லால்குடி கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

இன்னைக்கு சேமிப்பு, வட்டி, தவணை எதையும் பேசப் போறதில்லை.

ஒரு குழுவில் தீர்மான நோட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வயதான அம்மா ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "பாப்பா, திருச்சியில முதியோர் இல்லம் இருக்காமே, சேர எவ்வளவு கட்டணும்?" என்றார்கள். உங்களுக்குத்தான் சொந்த வீடு இருக்கே என்றேன். "அதை மகன் பேருக்கு எழுதிட்டேன். இப்ப திண்ணைதான் எனக்கு" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆதரவு இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இலவச இல்லங்கள் இருக்கின்றன. மாதப் பணம் கட்டும் இல்லங்களும் இருக்கின்றன. கோவைப் பக்கம் வசதியானவர்களுக்கு நர்ஸ், சமையல் எல்லாம் சேர்த்து வீடே கட்டி விற்கிறார்கள். அது நமக்கு எட்டாது. முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதை வைத்து எந்தக் கட்டண இல்லத்தில் காலம் தள்ளுவது? நமக்கு நம்ம வீடுதான் முதியோர் இல்லம். அதைத்தான் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடுகிறோம்.

தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிட்டால் மனசு மாறி நாமாக ரத்து செய்ய முடியாது. உயில் அப்படி இல்லை. உயிரோடு இருக்கும்வரை வீடு உங்கள் பேரில்தான் இருக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முடிந்தவரை உயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்றால், 2007-ஆம் வருட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

நிபந்தனை என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ஹரியானாவில் ஒரு தாய் மகள்கள் பேருக்கு எழுதியதை ரத்து செய்யக் கேட்டார். பத்திரத்தில் அப்படி நிபந்தனை இல்லை என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. (மகன்தான் ஏமாத்துவான், மகள் பார்த்துக்குவாள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்!) மத்தியப் பிரதேசத்தில் இன்னொரு தாய். 2019-இல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதியபோது, கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்று மகனிடம் ஒரு தாளும் எழுதி வாங்கியிருந்தார். 2025 ஜனவரியில் அதே உச்சநீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

ஆகவே பத்திரம் எழுதுபவரிடம் சொல்லி மூணு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் நான் குடியிருப்பேன், மகன் எனக்குச் சாப்பாடு, துணி, வைத்தியம் பார்க்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து. கையெழுத்துக்கு முன்னால் முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "பெத்த பிள்ளைகிட்ட நிபந்தனையா, என்ன நினைப்பான்?" என்று ஒரு அக்கா கேட்கிறார்கள். குழுவில் கடன் கொடுக்கும்போது நம்ம சம்பந்தியாக இருந்தாலும் நோட்டில் கையெழுத்து வாங்குகிறோமே அக்கா, யாராவது கோவிச்சுக்கிட்டாங்களா?

ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் விட்டுவிட வேண்டாம். வீடு போனாலும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை. லால்குடி வருவாய் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், தீர்ப்பாயத்துக்கு மனு கொடுக்க வேண்டும். தாயே நேரில் பேசலாம், வக்கீல் இல்லாவிட்டாலும் மனு நடக்கும். தீர்ப்பு சரியில்லை என்றால் கலெக்டரிடம் மேல்முறையீடு. போனில் கேட்க 14567, கட்டணமில்லாத முதியோர் உதவி எண்.

திண்ணையில் இருக்கும் அந்த அம்மாவின் பத்திர நகல் இன்னும் கையில் வரவில்லை. அதில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எந்த மனு என்று சொல்ல முடியும். நீங்களும் எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த கூட்டத்துக்கு நகலை எடுத்துட்டு வாங்க. உட்கார்ந்து படிச்சிடுவோம்.