ரசீது கேட்பதும் உரிமைப் போராட்டம்தான்

(அரியலூர் மாவட்டத்தில் இளைஞர்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வாரண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் இங்கே ஒரு தோழர் சிரித்துவிட்டார். பஞ்சமி நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பேச எவ்வளவோ கிடக்கும்போது மிக்சி, கிரைண்டர் பற்றியா பேசுவீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பேசலாமா வேண்டாமா என்று அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து, மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கினார். ஒரு வருஷம் கியாரண்டி என்று கடைக்காரர் வாயால் சொன்னார். இரண்டே மாதத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. அப்பா அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "என்னப்பா, எங்க வாங்கின?" என்றார். அப்பா அட்டையை நீட்டினார். அதில் கடையின் சீலும் இல்லை, தேதியும் இல்லை. பில் என்று எங்களிடம் இருந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. "இத வச்சு கம்பெனில ஒண்ணும் கேக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அப்பா மூன்று தடவை போய் வந்தார். மூன்றாவது தடவை அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் ஊரிலேயே ஊர்த்தெருவைச் சேர்ந்த ஒருவர் கடைக்குப் போன் செய்தார். அவர் வாங்கிய பிரிட்ஜில் ஏதோ சத்தம் வருகிறதாம். "வச்சிடுங்கண்ணே, சாயங்காலத்துக்குள்ள ஆள் அனுப்புறேன்" என்றார் கடைக்காரர். அவரிடம் பில் இருக்கிறதா, சீல் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

அந்தக் கடைக்காரர் அப்பாவைச் சாதி சொல்லித் திட்டவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது. நடந்தது வேறு. பிரிட்ஜ் வாங்கியவருக்கு அவருடைய முகமே வாரண்டி அட்டையாக இருந்தது. அப்பாவின் முகத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. அதனால் அவருக்கு மட்டும் காகிதம் தேவைப்பட்டது. அந்தக் காகிதத்தைத்தான் அவருக்குத் தரவே இல்லை. மோட்டாரைக் கைக்காசு போட்டுச் சரிசெய்தோம். மெஷின் ஓடாத வாரங்களிலும் குழுவுக்குத் தவணை கட்டினோம்.

நம் ஊர்களில் பொருளுக்கான உத்தரவாதம் பாதிக்கும் மேல் பழக்கத்தில்தான் நடக்கிறது. 'தெரிஞ்ச கடை', 'நம்மாளு' என்று நாம் சொல்கிற பழக்கம் வானத்திலிருந்து வந்ததல்ல. யார் யாரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகிறார் என்பதிலிருந்து வருவது அது. அதாவது தெருவிலிருந்து, சாதியிலிருந்து வருகிறது. உறவை நம்பி இயங்கும் சந்தையில் உறவு இல்லாதவன் கொடுக்கும் காசுக்கு மதிப்புக் குறைவு. சட்டப்படியான உத்தரவாதம் இந்த இடத்தில்தான் நமக்கு முக்கியமாகிறது. முகம் பார்க்காமல் காசை மட்டும் பார்த்து அது பேசுகிறது. குறைந்தபட்சம் அப்படிப் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டு புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் குறைபாடு என்பதற்கு அது தரும் விளக்கத்தில், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ இருக்க வேண்டிய தரம் என்று வருகிறது. உட்கிடை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இந்தக் கருத்து உண்டு. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஆக வேண்டும். அட்டையில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இதுதான் பொது விதி. ஆகவே, 'வாரண்டி கார்டு இல்லையா, அப்போ ஒண்ணும் கேக்க முடியாது' என்பது கடைக்காரரின் சட்டம். நாட்டின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பில் தராமல் இருப்பதையே 2019 சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. பழைய சட்டத்தில் இது இவ்வளவு தெளிவாக இல்லை. குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற நடைமுறைதான். காலம் எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது.

பில் கிடைக்கவே இல்லை என்றால்? காசு கொடுத்து வாங்கியவர் நுகர்வோர். பில் அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். போனில் பணம் அனுப்பிய பதிவு, தவணைக் கடன் தாள், பெட்டியின் மேல் உள்ள வரிசை எண், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றையும் சாட்சியாகக் காட்டலாம்.

அடுத்து, பிழைப்புக்காக வாங்கும் பொருள். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று சட்டம் சொல்கிறது. தாட்கோ கடனில் லோடு ஆட்டோ எடுப்பவர், தையல் மெஷின் வாங்குபவர் எல்லாரும் இதைக் கேட்டுப் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் வாங்கிய எந்திரம் குறித்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான்.

இப்போது நம் வயலுக்கு வருவோம். பெரம்பலூரும் அரியலூரும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. விதை பாக்கெட்டில் வருகிறது. முளைப்புத் திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதித்தது, எதுவரை செல்லும் என்று பாக்கெட்டிலோ அதில் கட்டிய அட்டையிலோ போட்டிருக்கும். அதுதான் விதையின் வாரண்டி. 2018இல் படைப்புழு வந்து நம் மக்காச்சோளக் கொல்லைகளைத் தின்று தீர்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது பூச்சித் தாக்குதல். அதற்கு விதைக்காரரைக் கேட்க முடியாது, அரசாங்கத்திடம்தான் நிவாரணம் கேட்க வேண்டும். ஆனால் விதையே முளைக்கவில்லை, ரகம் மாறி வந்திருக்கிறது என்றால் விற்றவரைக் கேட்கலாம்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கி நட்டப்பட்ட ஆந்திர விவசாயிகளின் வழக்கில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. விவசாயி நுகர்வோர் அல்ல, விதையை ஆய்வகத்தில் சோதிக்கவில்லை, விதைச் சட்டம் தனியாக இருக்கிறது என்றெல்லாம் கழகம் வாதாடியது. நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. வாங்கிய விதையை முழுக்க விதைத்துவிடுகிற விவசாயி, பின்னால் வழக்கு வரும் என்று எண்ணிக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றது. விதை விற்றவரிடமே மாதிரியை வாங்கிச் சோதிக்கலாம் என்றது. ஏழை விவசாயியின் நடைமுறையைப் புரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு. ஆனாலும் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கைப்பிடி விதையும் எடுத்து வையுங்கள். முளைக்கவில்லை என்று தெரிந்த அன்றே வேளாண்மை அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, வயலை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிர் வைக்கிறோம். விதை பில் நிலக்காரர் பெயரில் இருக்கும், நட்டம் நம் தலையில் விழும். பில்லில் உன் பெயர் இல்லையே என்று கேட்டால் என்ன சொல்வது? வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டத்தில் இருக்கிறது. இதைச் சொல்லி வாதாடலாம். ஆனால் அந்தச் சம்மதத்தை நிரூபிக்க மறுபடியும் நிலக்காரர் வாயைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே விதையையும் உரத்தையும் முடிந்தவரை உங்கள் பெயருக்கே பில் போட்டு வாங்குங்கள்.

அரியலூர்க்காரர்களுக்கு சிமென்ட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைத் தின்று வளர்ந்தவர்கள் நீங்கள். ஆனால் வீடு கட்டும்போது மூட்டையில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? நாள்பட்டுக் கிடந்த சிமென்ட் வலுவிழக்கும். மூட்டையின் மேல் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அந்த வாரமும்தான் நமக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. கட்டு பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

சட்டத்தின் நல்ல பக்கத்தைச் சொன்னேன். அதன் ஓட்டையையும் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுகிறவன் ஆகிவிடுவேன்.

காசு கொடுத்தவரைத்தான் இந்தச் சட்டத்துக்குத் தெரியும். 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதே தீர்ப்பு, எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை வெளியே நிறுத்தியது. நாம் கட்டும் வரி கட்டணம் ஆகாது என்றும் சொன்னது. அரசு மருத்துவமனையை நம்பி இருப்பவர்கள் யார்? தொகுப்பு வீட்டில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியப் படுத்திருப்பவர்கள் யார்? கடையில் வாங்கிய மின்விசிறிக்கு இரண்டு வருஷம் வாரண்டி உண்டு. அது தொங்குகிற கூரைக்கு எத்தனை வருஷம் என்று நம் காலனியில் யாருக்குமே தெரியாது. இலவசம் என்று பெயர் வைத்துவிட்டால் தரம் கேட்கும் உரிமை போய்விடுகிறது. அரசு தருவது பிச்சை அல்ல, நமக்குச் சேர வேண்டியது என்று இயக்கம் பேசிவந்திருக்கிறது. அதற்கும் உத்தரவாதக் காலம் எழுதிக் கொடு என்று கேட்பது அந்தப் பேச்சின் அடுத்த படி.

இன்னொரு ஓட்டை. நுகர்வோர் சட்டத்தில் சாதி என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகளுக்குள் நுழைவதில் சாதியின் பெயரால் எந்தத் தடையும் கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. தீண்டாமை காரணமாக, மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் பொருளையோ சேவையையோ தர மறுப்பது குற்றம். அதே நிபந்தனை என்றால் என்ன? விற்கிற விலை மட்டும்தானா? விற்ற பிறகு தரும் சர்வீஸும் அதில் சேர்ந்ததுதான் என்பது என் வாதம். பிரிட்ஜ்காரருக்கு ஆள் அனுப்பிய அதே நிபந்தனையில் அப்பாவுக்கும் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். ஒரு சட்டம் நுகர்வோர் ஆணையத்திலும் இன்னொன்று குற்றவியல் நீதிமன்றத்திலும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டியது நம் வேலை. கடைக்காரர்கள் அதைச் செய்து தர மாட்டார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாள் எண்ணாதீர்கள், வாய்தாவுக்குத் தயாராகப் போங்கள். ஒரே விதையால், ஒரே பொருளால் பலர் பாதிக்கப்பட்டிருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு எல்லாருக்குமாக ஒருவர் வழக்கு நடத்தலாம். நமக்கு ஏற்ற வழி இதுதான். தனியாகப் போய்க் கடை வாசலில் நின்றதால்தான் என் அப்பா மூன்று தடவை திரும்பி வந்தார்.

இந்தப் படிப்பு வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், தெருவில் யார் எதை வாங்கினாலும் பில்லையும் அட்டையையும் இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். சீல் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுநாளே நான்கு பேர் கூடப் போய்ப் போட்டு வாங்கி வாருங்கள். சண்டை வேண்டாம், கேட்டால் போதும்.

நம் வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பட்டா இருந்தால் பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதற்குள் இருக்கும். நாம் இருக்கிறோம் என்பதற்கே காகிதம் காட்டிப் பழகியவர்கள் நாம். இனி அந்தப் பெட்டியில் பில்லும் இருக்கட்டும்.