கடல் வற்றினால் தெரியும் வயல்



கடற்கரைக்குப் போகிறவர்கள் தண்ணீர் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் போவார்கள். கடல் வற்றிக் கிடந்தால், "என்னப்பா இது, வெறும் சேறு" என்று காரைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் ஜொகூரில், கேலாங் பாத்தாவுக்கு அப்பால் பூலாய் ஆறு ஜலசந்தியில் கலக்கும் இடத்தில், கடல் வற்றினால்தான் பார்ப்பதற்கே ஏதாவது இருக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அப்போது நீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றவும் செய்யும். அந்த நாட்களில் மெராம்போங் தீவின் அருகே நீருக்கடியில் இருக்கும் திடல் வெளியே வரும். அதில் பச்சைப் பசேல் என்று ஒரு வயல்!

அதைப் பாசி என்று நினைப்பவர்கள் உண்டு. பாசி அல்ல, கடற்புல். நிலத்துப் புல்லைப் போல வேர், பூ, காய் எல்லாம் அதற்கு உண்டு. நாடா போன்ற நீண்ட இலை கொண்ட ஒரு வகை, ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். அதன் ஆண் பூக்கள் வெள்ளை ரவை சிந்தினாற்போல அறுந்து, நீரின் மேல் மிதந்து வரும். கடல் வற்றும்போது பெண் பூ நீர்மட்டத்தில் இதழ் விரித்துக் காத்திருக்கும். மிதந்து வருவது அதில் ஒட்டிக்கொள்ளும். வண்டும் இல்லை, காற்றும் இல்லை. கடல் வற்றாவிட்டால் இந்தப் புல்லுக்குக் கல்யாணம் நடப்பதே கஷ்டம்.

சிறிய இலை கொண்ட இன்னொரு வகை, கடல்பசுவின் தீனி. தமிழகத்துப் பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அதே பிராணிதான். அங்கே அதற்காகவே 2022இல் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. மெராம்போங்கில் அது மேய்ந்துபோன தடம், வற்றிய மணலில் கோடு கோடாகத் தெரிவதுண்டு.

புல்லுக்குள் கடல்குதிரையும் இருக்கும். பெண் முட்டையிட, அதை வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிப்பது ஆண். கடல் உயிரியலாளர் சூ சீ குவாங் தொடங்கிய 'சேவ் அவர் சீஹார்சஸ்' குழுவினர், நீர் வற்றும் வேளைகளில் இறங்கித் தேடி, ஆணா பெண்ணா என்று பார்த்து, அளந்து, பிடித்த இடத்திலேயே விட்டார்கள். தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்தில் 2008இல் தொடங்கிய கெலாப் அலாமி, கம்பத்துப் பிள்ளைகளுக்கே இந்தக் கணக்கெடுப்பைக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் கோங்கோங் சிப்பி பொறுக்கிய அதே திடல்தான்!

சேற்றில் நண்டை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். அதே ஜலசந்தியின் கிழக்குப் பக்கம், ஜொகூர் கரைக்கு எதிரே சிங்கப்பூரின் பூலாவ் ஊபின் தீவில் செக் ஜாவா என்ற இடம் இருக்கிறது. அதைத் தூர்க்கத் திட்டம் தயாராக இருந்தது. 2001இல் ஆர்வலர்கள் நீர் வற்றும் நாளெல்லாம் இறங்கி, உயிரினங்களைப் பதிவு செய்து, பொதுமக்களையும் கூட்டிவந்து காட்டினார்கள். 2002 ஜனவரியில், தேவைப்படாதவரை தூர்ப்பதில்லை என்று அரசு அறிவித்தது. வரைபடத்தில் வெறும் சேறாக இருந்த இடத்துக்குப் பெயர்ப்பட்டியல் கிடைத்ததால் வந்த வினை, நல்ல வினை!

மெராம்போங்குக்கு அந்த அதிர்ஷ்டம் முழுதாக வாய்க்கவில்லை. பூலாய் ஆற்றின் சதுப்புக் காடு 2003இலேயே ராம்சார் தலமாகிவிட்டது. கடற்புல் திடல் அந்த வேலிக்கு வெளியே நின்றது. 2014இல் ஃபோரஸ்ட் சிட்டி திட்டத்துக்காக மணல் கொட்டத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் கவலை தெரிவித்தது, வேலை நின்றது. விரிவான சுற்றுச்சூழல் அறிக்கைக்குப் பின், 2015 ஜனவரியில் பரப்பைக் குறைத்து, 1,386 ஹெக்டேரில் 4 தீவுகளாக அனுமதி கிடைத்தது. அதற்குள் புல் திடலின் ஒரு பகுதி மணலுக்கு அடியில் போயிருந்தது. அங்கேயும் கணக்கு இருந்தது. கணக்கைக் கேட்பவர்கள்தாம் தாமதமாக வந்தார்கள்.

நேயர்களே, பிள்ளைகளோடு போக நினைத்தால், இடம் தெரிந்த மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கணுக்கால் மூடும் காலணி வேண்டும், மணலில் திருக்கை படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும். புல்லை மிதிக்காதீர்கள். கல்லைப் புரட்டினால், புரட்டியபடியே திரும்ப வையுங்கள். அடியில் இருப்பவை வெயில் தாங்கா. கூம்பு வடிவச் சிப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் எடுக்கவேண்டாம், அதற்கு விஷ முள் உண்டு. மணலில் பழைய ரப்பர் வளையம் போல ஏதாவது கிடந்தால் குப்பை என்று பொறுக்கிவிடாதீர்கள். அது நிலா நத்தை முட்டையோடு மணலைக் குழைத்துக் கட்டிய வீடு. நேர அட்டவணையில் நீர் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கி, நீர் திரும்பியதும் கரைக்கு வந்துவிடுங்கள். திடலுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் முதலில் நிறையும்.