பருத்தியும் ஆலையும்

பயிர்த்தொழில் வேறே, ஆலைத்தொழில் வேறே என்று நாம பேசிக்கிறோம். அது சரிதானா? கோயம்புத்தூர்ச் சீமையைக் கொஞ்சம் பாருங்க.

அங்கே மழை குறைவு. ஆனா கரிசல் மண் உண்டு, பருத்தி விளையும். அதை நம்பி 1888-ல் நூற்பாலை வந்தது. பிறகு இறவையிலே விளையும் கம்போடியாப் பருத்தி பரவியது. அதற்குத் தண்ணீர் வேணுமே! கவலை கட்டி, மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, சால் சாலாக இறைத்தார்கள்.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. அதே மின்சாரம் தோட்டத்துக் கிணற்றுக்கும் வந்தது. 1937-ல் கோவையிலேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். தோட்டத்துப் பருத்தியால் ஆலை வளர்ந்தது, பட்டறை மோட்டாரால் தோட்டம் வளர்ந்தது. நூலும் மோட்டாரும் வெளியூர் போக, ஊருக்குள்ளே பணம் புழங்கியது.

கணக்கிலே செலவுப் பக்கமும் உண்டுங்க. மோட்டார் கூடக் கூட நீர்மட்டம் இறங்கியது. கிணறு வற்றி, ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிய இடங்களும் உண்டு. பருத்திப் பரப்பும் சுருங்கிப் போச்சு. இன்று ஆலைகள் குஜராத், மகாராஷ்டிரப் பஞ்சை வாங்கி ஓட்டுகின்றன.

ஆலைக்குப் பஞ்சு வெளியூரிலிருந்து வரும். நம்ம கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வரும்? ஆகவே, அடுத்த குழாயை இறக்குவதற்கு முன்னால், வரப்பை உயர்த்துங்க, பண்ணைக்குட்டை வெட்டுங்க, பெய்கிற மழையை நிலத்துக்குள்ளே இறக்குங்க.