பாலில் அரை மில்லி

(செஞ்சி வட்டாரப் பால் உற்பத்தியாளர் கூட்டத்தில் விவசாயிகள் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை எடை ஏறும்போது நாம் தராசை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கால் கிலோ முன்னே பின்னே இருந்தாலும் சத்தம் போடுகிறோம். பால் ஊற்றுகிற இடத்தில் மட்டும் அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது. சில இடங்களில் "தள்ளி நில்லும்மா, லைன் நிக்குது" என்கிறார்கள். அட்டையில் எழுதியதுதான் கணக்கு.

2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை அரசு 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. ஏறின அந்தக் காசு நம்ம கைக்கு முழுசா வந்து சேருதா? அதை முடிவு செய்வது பாலின் கொழுப்புச் சத்து, அதாவது ஃபேட். அந்த ஃபேட்டை முடிவு செய்வது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்.

சோதனை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சிக்குங்க. 1890களில் சுவிட்சர்லாந்து நாட்டு கெர்பர் கொண்டுவந்த முறை இது. குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கி, மெஷினில் வைத்துச் சுற்றினால் கொழுப்பு பிரிந்து குழாயின் கழுத்தில் மஞ்சளாக நிற்கும். அங்கே உள்ள கோட்டைப் பார்த்து 4.1, 4.3 என்று எழுதுவார்கள். (அமிலம் தோலைப் பொசுக்கிவிடும். பார்க்கிறோம் என்று யாரும் கை வைக்க வேண்டாம்.)

அந்தக் கழுத்தில் ஒரு சிறு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே பிடிக்கும் அளவு 0.0125 மில்லி. ஒரு சொட்டுத் தண்ணீரே சுமார் 0.05 மில்லி. ஆக, ஒரு கோடு என்பது கால் சொட்டு! கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் ஒரு கோடு, இரண்டு கோடு சுலபமாக மாறிவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை பால் எடுக்கிற பிப்பெட்டில். 10.75க்குப் பதில் அவசரத்தில் 10.25 மில்லி எடுத்தால் என்ன ஆகும்? குறைவது அரை மில்லி, பத்துச் சொட்டு. ஆனால் 4.3 ஃபேட் உள்ள பால் 4.1 என்று காட்டும். எஸ்.என்.எஃப். கணக்கிலும் ஃபேட் சேர்வதால் அதுவும் கொஞ்சம் இறங்கும். நுரையோடு எடுத்தாலும் இதே கதைதான். மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கி அரை மில்லி தண்ணீரை உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும்.

இவ்வளவுதான்! தினம் 10 லிட்டர் ஊற்றுகிற வீட்டுக்கு இந்த 0.2 வித்தியாசம் நாளைக்கு 20 கிராம் கொழுப்பு. மாசத்துக்கு 600 கிராம். அரை கிலோவுக்கு மேல் நெய்யை மாசாமாசம் சும்மா கொடுக்கிறோம்.

இப்போ பல இடத்தில் பட்டனை அமுக்கினால் ஃபேட் சொல்லும் மெஷின் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த மெஷினையும் அவ்வப்போது இப்படிப்பட்ட சோதனையோடு ஒப்பிட்டுச் சரி பார்க்கணும். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து லிட்டரும் கிலோவும். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோ இல்லை, சுமார் 1 கிலோ 30 கிராம். விலையைக் கிலோவுக்குச் சொல்லி, பாலை லிட்டரில் அளந்து, இரண்டும் ஒண்ணுதான் என்று எழுதினால் 100 லிட்டருக்கு 3 கிலோ போச்சு. தராசில் நிறுத்தால் 1.03ஆல் வகுத்து லிட்டர் எழுதுவதுதான் முறை. நமக்கு லாபமாகத் தப்பு நடந்தாலும் அதுவும் வேண்டாம். கணக்கு கணக்காக இருக்கட்டும்.

லிட்டர் குவளையில் சந்தேகம் இருந்தால் தண்ணீர் நிரப்பி நிறுங்கள். தண்ணீர் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரணும். நாலைந்து கிராமுக்குச் சண்டை வேண்டாம், முப்பது கிராம் குறைந்தால் விடவும் வேண்டாம். 2009 எடையளவுச் சட்டப்படி அளவைகளுக்கு அரசு முத்திரை கட்டாயம். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும், குவளைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறு முத்திரை போட வேண்டும். பார்க்க வேண்டியவர் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்.

1890இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாப்காக் என்ற விஞ்ஞானி இதே போல ஒரு ஃபேட் சோதனையைக் கண்டுபிடித்தார். காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் விட்டுவிட்டார். தண்ணீர் கலப்பவனுக்கும் நல்ல பால் ஊற்றுபவனுக்கும் ஒரே விலை என்ற அநியாயம் அதனால் குறைந்தது. சோதனை நமக்கு எதிரி இல்லை, தோழர்களே. கதவைச் சாத்திக்கிட்டு நடக்கிற சோதனையைத்தான் எதிர்க்கிறோம்.

நாம் கேட்பது: பால் ஊற்றியவர் எதிரிலேயே மாதிரி எடு. பிப்பெட்டைக் கோடு வரை நிரப்பு. குழாயைக் காட்டிவிட்டு எழுது. லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப்., விலை நான்கும் உள்ள ரசீது கொடு. தகராறு வந்தால் மறு சோதனைக்கு அதே பாலில் இன்னொரு மாதிரி வை.

முத்திரை ஆய்வாளருக்கும் பால்வளத் துறைக்கும் தருகிற மனுவில் கையெழுத்து வாங்க ஊர் ஊராக வருகிறோம். மூணு மாசத்துப் பால் அட்டையை எடுத்து வையுங்கள். ஃபேட் திடீரென்று இறங்கின தேதிகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். அந்தத் தேதிகளை மனுவோடு இணைக்கப் போகிறோம்.