குதிரையும் குதிரைக்காரரும்



"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையை வைத்து நம்மவர் ஒரு பழமொழி சொல்வதுண்டு. உழைக்க மனமின்றி உண்ண மட்டும் முந்துவோரைப் பழிப்பதற்கு எழுந்த மொழி இது. ஆயினும் சற்று நின்று நோக்கினால், இதற்குள் ஒரு மனிதன் மறைந்திருப்பது புலனாகும். ஒரு கையிற் கொள்ளும் மறு கையிற் கடிவாளமுமாக, விடியற்காலைப் பனியிற் குதிரையின் முன் நிற்பவன் அவன். ஏறிச் செல்பவன் வேறொருவன். ஏற்றி அனுப்புபவன் இவன். இன்று நான் பேச வந்தது குதிரைகளைப் பற்றித்தான். என் ஆயுள் முழுவதும் என்னை ஆட்கொண்ட பிராணி அது. ஆனால் அதைக் காணச் சென்ற இடமெல்லாம் இந்த மனிதனையும் நான் தேடியிருக்கிறேன்.

ஊவா மாகாணத்தின் மலைகளை இன்று பேருந்திலும் புகைவண்டியிலும் கடந்து செல்கிறோம். புகைவண்டி 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. பதுளைக்கு அது வந்ததோ 1924இல்தான். அதற்கு முன்னர், கோப்பிக் காலத்தில், மூட்டைகளைத் தவளம் எனப்பட்ட பொதிமாடுகளும் வண்டி மாடுகளும் சுமந்தன. துரைமாரையும் அரசாங்க அதிகாரிகளையும் குதிரைகள் சுமந்தன. ஏனையோரை அவரவர் கால்களே சுமந்தன. பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர் அவர். அவர் போன்றோர் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. அவர்களுடைய குதிரைகளைப் பிடித்து நின்றவர்களின் பெயரை எந்தக் கல்லிலும் நான் கண்டதில்லை.

அக்குதிரைக்காரரின் வேலை எத்தகையது என்பதைப் பலர் அறியார். துரை குதிரையேறிப் பத்து மைல் சென்றால், குதிரைக்காரரும் பின்னால் ஓடியே பத்து மைல் செல்ல வேண்டும். துரை இறங்கும் இடத்திற் கடிவாளத்தைப் பிடிக்க ஆள் இருக்க வேண்டுமன்றோ! வந்து சேர்ந்ததும், வியர்த்து நிற்கும் குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டலாகாது என்பர். மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்த வேண்டும். பிறகு சேணத்தை இறக்கி, வைக்கோற்புரியால் உடலைத் தேய்த்து, குளம்பிற் சிக்கிய கல்லை எடுத்து, காலிற் பற்றிய அட்டைகளை உப்புத் தடவிக் கழற்ற வேண்டும். இரவே ஊறப்போட்ட கொள்ளை வைத்துவிட்டு, அது தின்பதைப் பார்த்து நின்ற பின்னரே தமது சோற்றை நினைக்க வேண்டும். ஓடி வந்தவர்கள் இருவர். ஒருவருக்கு மற்றவர் உபசாரம் செய்தார். அவருக்கு உபசாரம் செய்யத்தான் ஆள் இல்லை.

என் தாத்தா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவ்வாறு வேலை செய்தவர். தோட்டம் முழுவதும் அவரைக் 'குதிரைக்காரர்' என்றே அழைத்தது. பெயர் சொல்லி அழைத்தவரை நான் அறியேன். நான் நினைவறிந்த காலத்தில் துரைக்கு மோட்டார் வண்டி வந்துவிட்டது. மிஞ்சியிருந்த ஒரே கிழக்குதிரை பங்களாவின் பின்புறப் புற்றரையில் மேய்ந்துகொண்டிருந்தது. தாத்தாவுக்கும் அப்போது வேலை இல்லை; ஆயினும் நாள்தோறும் என்னை அழைத்துக்கொண்டு அங்கே போவார். லயத்துக் கோடியில் அவர் திரும்பும்போதே அந்தக் குதிரை செவியை உயர்த்தும். கண் மங்கிய பிராணி அது. காலடி ஓசையாலேயே அவரை அறிந்துகொண்டது. அவரும் அவ்வாறே. மண்ணில் விழும் குளம்பொலியைக் கேட்டே, எந்தக் கால் நோகிறது என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் நான் கேட்டேன்: "தாத்தா, இது நம்ம குதிரையா?"

"குதிரை தொரையோடதுதான், ராசா. ஆனா அது குதிரைக்குத் தெரியாதே" என்றார்.

உடைமைக்கும் உறவுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

குதிரை கட்டும் இடத்தை லாயம் என்கிறோம். தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகளை லயம் என்கிறோம். முன்னது பழஞ்சொல், பின்னது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் நம் நாவிற் பட்டுத் தேய்ந்த வடிவம். இரண்டுக்கும் இடையே ஒரு கால் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் பங்களாவின் லாயத்திற் குதிரைக்குத் தனியறையும் காற்றோட்டமும், நீர் வடியும் கானும், நாள்தோறும் மாற்றும் வைக்கோலும் இருந்தன. லயத்திலோ, 10 அடிக்கு 12 அடியான ஓர் அறையிற் குடும்பமே குடியிருந்தது. குதிரைக்கு அளித்தது மிகையென்று நான் சொல்லமாட்டேன். பிராணிக்கு வேண்டியது இன்னதென்று அறிந்தவர்கள், மனிதனுக்கு வேண்டியதையும் அறிந்தே இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். பந்தயக் குதிரைகளின் வம்சாவளியைப் பதியும் ஏடு இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வினக் குதிரை ஒன்றின் தந்தை யார், பாட்டன் யார், பூட்டன் யார் என்று அதிற் காணலாம். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்நாட்டிற் பிறந்தவன் என்றோ, பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர்கள் என்றோ காட்டும்படி மனிதரைக் கேட்டது. குதிரைக்காரரின் பாட்டனுக்கு எவர் ஏடு வைத்தார்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி எங்கள் உறவினர் பலர் கப்பலேறினர். எஞ்சியோர்க்கு வழி முற்றாகத் திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயாம்.

தமிழருக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு துரைமார் காலத்தில் தொடங்கியதன்று. அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் கப்பலிற் குதிரை கொண்டுவந்த வணிகன் ஒருவனின் மைந்தர் என்று மகாவம்சம் கூறும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் முதலில் வைத்துப் பட்டினப்பாலை பேசுவது குதிரைகளையே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்துக் கடல் கடந்து குதிரைகளை வாங்கினர் என்றும், பேணும் முறை அறிந்தவர் இன்மையால் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்தன என்றும் எழுதி வைத்தார். பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதன் உயிரைப் பேணும் கை அறிவைப் பொன் கொடுத்து வாங்க இயலாது. பாரதக் கதையில், கரந்துறைந்த ஓராண்டில் நகுலன் விராடனுடைய குதிரைகளைப் பேணும் தொழிலையே மேற்கொண்டான். அரசகுமாரன் ஒருவனுக்கும் இழிவாகத் தோன்றாத தொழில் அது.

சிறுவயதில் நான் லயத்துச் சுவரில் அடுப்புக்கரியாற் குதிரை வரைந்தேன். அடியும் வாங்கினேன். பின்னர்ப் பள்ளிக்கூடத்திற் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியனாகிப் பல நூறு குதிரைகளை வரைந்தேன். கால்களை வரைவது எளிது. குதிரையின் கழுத்து மனிதனை நோக்கித் திரும்பும் அந்த வளைவுதான் கைக்கு எளிதில் அகப்படுவதில்லை.

1980களில், கப்பலேறிய உறவினரைக் காணப் புதுக்கோட்டைச் சீமைக்குச் சென்றேன். அங்கே ஐயனார் கோயில்களின் வழியெங்கும் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நின்றன. வேளார் என்னும் குயவர்கள் கால், உடல், கழுத்து, தலை என்று பகுதி பகுதியாக வனைந்து, வைக்கோலும் எருவும் இட்டுச் சுட்டு, புரவி எடுப்பு விழாவில் ஊர்வலமாகக் கொண்டுவந்து வைப்பவை அவை. குளமங்கலத்திலோ 30 அடிக்கு மேல் உயர்ந்த பெருங்குதிரை ஒன்றைக் கண்டேன். ஊர் காக்கும் ஐயனார் இரவில் ஏறி வலம் வருவதற்காகவே இக்குதிரைகள் என்பர். ஒவ்வொரு குதிரையும் ஓர் ஏழைக் குடும்பத்தின் நேர்த்திக்கடன். வாழ்நாளிற் குதிரையேறாதவர்கள் தெய்வத்துக்குக் குதிரை கொடுக்கிறார்கள்! மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாகாது என்பது பழமொழி. ஆனால் மண் குதிரையை நம்பி ஓர் ஊர் அச்சமின்றி உறங்குவதை அங்கே கண்டேன். தாத்தாவின் முன்னோர் கடல் கடந்து வந்தபோது விட்டு வந்த குதிரைகள் இவையே போலும் என்று எனக்குத் தோன்றியது.

இலங்கையிலும் குதிரையைக் காண நெடுந்தூரம் போயிருக்கிறேன். நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டு தொட்டுப் பெயர்பெற்ற பந்தயத் திடலில், ஏப்பிரல் மாதக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். எல்லாரும் வெற்றிக் கம்பத்தை நோக்கியிருக்க, ஓட்டம் முடிந்து நுரை தள்ளும் குதிரையை நடத்திச் செல்பவனையே என் கண்கள் தேடும். குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவுக்கும் போனேன். அங்குள்ள மட்டக்குதிரைகள், அந்நியர் ஆட்சியில் வளர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டவற்றின் வழிவந்தவை என்பர். பழைய லாயத்தின் தூண்கள் வெறுமனே நிற்க, குதிரைகள் வெட்டவெளியில் மேய்கின்றன. அவற்றுக்குக் கடிவாளம் இல்லை, கொள்ளும் இல்லை. மாரியிற் கொழுத்து, கோடையில் நீரின்றி மெலிகின்றன. கட்டற்ற வாழ்வு அழகியதே. ஆயினும் வறட்சிக் காலத்தில் தொட்டியில் நீர் நிரப்பும் ஒரு கை அதற்கும் வேண்டியிருக்கிறது.

நேயர்களே, ஊவாத் தோட்டங்களின் பழைய பங்களாக்களுக்குப் பின்னால் இன்றும் சில லாயங்கள், மோட்டார்க் கொட்டகைகளாகவும் பண்டகசாலைகளாகவும் மாறி நிற்கின்றன. அவற்றைக் கட்டுவித்த துரைமாரின் வரலாறு நூல்களில் இருக்கிறது. அங்கே பனியில் நின்று கொள்ளு வைத்தவர்களின் வரலாறு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நினைவில் மட்டும் இருக்கிறது. அப்பேரப்பிள்ளைகளும் முதியவர்களாகிவிட்டோம். உங்கள் குடும்பத்தில் அத்தகைய ஒருவர் இருந்திருந்தால், அவர் எந்தத் தோட்டத்தில் நின்றார், குதிரையை என்ன சொல்லி அழைத்தார், நோய்க்கு என்ன மருந்திட்டார் என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவருடைய சொந்தப் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.