வாயிலில் பதினான்கு நிமிடம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. கம்பரையோ இளங்கோவடிகளையோ எதிர்பார்த்து வந்திருக்கும் பெரியோர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கை அகலமுள்ள ஒரு ரசீது.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு விமான நிலையம் அயலான இடமன்று. 1932-இல் கோதவர்ம ராஜா அவர்களின் முயற்சியால் பறக்கும் கழகமாகத் தொடங்கி, 1935-இல் பம்பாயிலிருந்து டாட்டா விமானம் வந்திறங்கிய நிலம் அது. பத்மநாப சுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் பொருட்டு ஆண்டில் இருமுறை விமானங்களே நின்று வழிவிடும் அதிசயத்தை வெளியூர் உறவினரிடம் சொல்லிப் பெருமை கொள்ளாதவர் நம்மில் யார்? அவ்வாறு வழிவிடும் பெருந்தன்மையை நிலையங்களின் வண்டி வாயில்களில் எதிர்பார்த்தல் தகாது என்பதை நாங்கள் வேறோர் ஊரில் கற்றுக்கொண்டோம்.

நிகழ்ந்தது இதுதான். உறவினர் இல்லத் திருமணத்தை முன்னிட்டு வெளியூர் சென்றிருந்தோம். களியக்காவிளையைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரின் வாடகைக் காரில்தான் பயணம். சுங்கம் முதலிய எல்லாம் உட்பட இவ்வளவு என்று வாடகையை ஒரே தொகையாகப் பேசியிருந்தோம். தில்லியிலிருந்து வரும் எங்கள் அன்னையாரை அழைத்துச் செல்ல அவ்வூர் விமான நிலையத்திற்குப் போனோம். அன்னையாருக்கு வயது எண்பத்திரண்டு. சக்கர நாற்காலியில்தான் வெளியே வருவார்.

நுழைவாயிலில் தந்த சீட்டில் 9.12 என்று அச்சாகியிருந்தது. பத்து நிமிடம் வரை கட்டணமில்லை என்பது விதி. அன்னையாரைத் தூக்கி அமர்த்தி, நாற்காலியைத் திருப்பிக் கொடுத்து, வண்டி நகர்ந்தபோது 9.20. ஆயினும் வெளியேறும் வாயிலில் ஒரே கூண்டுதான் திறந்திருந்தது. எங்களுக்கு முன் வண்டிகள் வரிசையாக நின்றன. கூண்டை அடைந்தபோது 9.26. பதினான்கு நிமிடம் ஆயிற்று, வாடகை வண்டியாதலால் கட்டணமும் கூடுதல், எடுங்கள் என்றார் அங்கிருந்தவர்.

ஓட்டுநர் வாதாடவில்லை. சட்டைப் பையில் கைவிட்டார். "போகட்டும் ஐயா, நான் கொடுத்துவிடுகிறேன். பின்னால் வண்டிகள் நிற்கின்றன" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். நாங்கள் பேசாமல் இருந்தோம். எல்லாம் உட்பட என்றுதானே பேசினோம் என்ற எண்ணம் எங்கள் உள்ளத்தில் ஓடிற்று. அந்த அரை நிமிட மௌனத்தை எண்ணினால் இன்றும் நாணமாக இருக்கிறது. பின்னிருக்கையிலிருந்து அன்னையார்தாம் கேட்டார்: "எனக்காக நின்றதற்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்?"

நாங்கள் பணத்தைக் கொடுத்தோம், ரசீதும் கேட்டோம். இயந்திரம் பழுது என்றார். ரசீது இல்லாமல் வண்டி நகராது என்றோம். இயந்திரம் உடனே குணமாயிற்று!

அன்பர்களே, இங்குக் கட்டணம் வேறு, தண்டம் வேறு என்பதை உணர வேண்டும். குற்றத்திற்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம், சட்டம் யாருக்கு அதனை அளித்ததோ அவருக்கே உரியது. வண்டி நிறுத்தத்தைக் குத்தகைக்கு எடுத்த தனியார் கேட்பது ஒப்பந்தப்படியான கட்டணம் மட்டுமே. ஒப்பந்தம் என்றால் அதன் நிபந்தனை முன்னதாகவே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும் அல்லவா? 1971-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ள தார்ன்டன் வழக்கில், இங்கிலாந்தின் டென்னிங் பிரபு இதனைத் தெளிவுபடுத்தினார். தானியங்கி இயந்திரம் சீட்டை நீட்டும்போது வண்டிக்காரர் திரும்பிப் போக இயலாத நிலையில் இருக்கிறார். ஆகவே அதன்பின் அறிவிக்கப்படும் நிபந்தனை அவரைக் கட்டாது என்பது அவர் கருத்தின் சாரம். நாங்கள் கண்ட கட்டணப் பலகையோ வாயிலைத் தாண்டி முப்பது அடி உள்ளே, ஒரு தூணின் மறைவில் இருந்தது. எங்கள் பேரன் அதனைப் படமெடுத்து வைத்திருந்தான்.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. 2015-இல் பீவிஸ் என்பவரின் வழக்கில் இங்கிலாந்தின் உச்சநீதிமன்றம் நிறுத்தக் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. கட்டணமில்லாத இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஐம்பத்தாறு நிமிடம் நின்றதற்கு 85 பவுன் கேட்டார்கள். அறிவிப்புகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன, பிறர்க்கும் இடம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கமும் நியாயமானது என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் கருதினர். வாயிலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பி அருந்தச் செல்பவருக்காக நாங்கள் வாதாட வரவில்லை. அவர் கொடுக்கத்தான் வேண்டும்.

நம் நாட்டிலும் இப்பூசல் புதிதன்று. பெங்களூர் நிலையத்தில் 2024 மே மாதம், பயணிகளை ஏற்றும் பாதையில் ஏழு நிமிடத்திற்கு மேல் நிற்கும் சொந்த வண்டிக்கு 150 ரூபாய் என்று விதித்தார்கள். எதிர்ப்பு எழுந்தவுடன் சில நாட்களுக்குள் நிறுத்தி வைத்தார்கள். நம் மாநிலத்துக் கரிப்பூரில் ஒரு காலத்தில் மூன்று நிமிடமே அளித்திருந்தார்கள். மூன்று நிமிடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் செருப்பையே மாட்டி முடிக்க மாட்டார்கள்! விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்று உண்டு. பயணிகளிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணத்தை அதுவே வரையறுக்கிறது. ஆயினும் வண்டி நிறுத்தம் விமானச் சேவையில் அடங்காது என்பதால், அந்தக் கட்டணத்தை அது நிர்ணயிப்பதில்லை. பலரும் அங்கே எழுதி ஏமாறுகிறார்கள்.

நாங்கள் நிலைய நிருவாகத்திற்கு ஒரு கடிதமும் குத்தகைதாரருக்கு அதன் படியும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஆறு நிமிடம் கழிந்தது அவர்களுடைய வரிசையில்தான். பலகை வாயிலுக்கு முன் இல்லை. வந்தவர் சக்கர நாற்காலிப் பயணி. இவ்வளவே எழுதினோம், கோபமான சொல் ஒன்றும் இல்லை. நுழைவுச் சீட்டு, ரசீது, படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்தோம். மூன்று வாரம் கழித்து, விதிப்படியே வசூலிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இரண்டாம் கடிதத்தில் சட்டத்தைக் குறிப்பிட்டோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிழை எந்த ஊரில் நிகழ்ந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்திற்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிகச் செயல் என்று அச்சட்டம் கூறுகிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் தொகை எதுவாகக் குறித்திருந்தாலும் நியாயமான ஈட்டுத் தொகைக்கு மேல் பெற இடமளிப்பதில்லை. திருவனந்தபுரம் ஆணையத்தில் சந்திப்போம் என்று முடித்தோம். பன்னிரண்டாம் நாள் பணம் எங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. வருத்தமும் இல்லை, விளக்கமும் இல்லை. நிலையத்தில் பலகை இடம் மாறியதா என்று தெரியவில்லை. மாறியிருக்கும் என்று நம்ப எங்களுக்குத் துணிவில்லை.

சென்ற மாதம் அதே ஓட்டுநர் எங்களை நாகர்கோவிலுக்கு அழைத்துச் சென்றார். பணம் திரும்பி வந்த செய்தியை மகிழ்ச்சியோடு சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஓரங்கட்டி, முன்புறத்து அறையைத் திறந்து காட்டினார். இரப்பர் வளையம் இட்ட ஒரு கட்டுச் சீட்டுகள். பல ஊர் நிலையங்களுடையவை. சிலவற்றில் மை மங்கி எழுத்தே தெரியவில்லை. "நான் போய்க் கேட்டால் அடுத்த முறை வண்டியை உள்ளே விடுவார்களா ஐயா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் அப்போது விடையில்லை. ஆகவே வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அவரை நம் சங்க நூலகத்திற்கு வரச் சொல்லியிருக்கிறோம். சீட்டுகளைக் கொண்டு வருவார். மங்கிய எழுத்தைப் படிக்கக் கூர்மையான கண்ணுள்ள இளைஞர் இருவரும், கடிதம் எழுதப் பழகிய ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரும் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்தபின் செயலாளரைக் காணலாம்.