திடலில் தெரியும் குணம்



போன மாதம் நம் தோட்டத்துத் திடலில் நடந்த காற்பந்தாட்டத்தில் ஒரு மாணவன் நடுவரை ஏசினான். கூப்பிட்டுக் கேட்டேன். "டிவியில பெரிய ஆட்டக்காரங்களே அப்படித்தானே சார் செய்றாங்க?" என்றான்.

அவனுக்கு ஒரு பெரிய ஆட்டக்காரரின் கதையையே சொன்னேன். இத்தாலியரான பாவ்லோ டி கானியோ இங்கிலாந்தில் ஆடியவர். 1998-இல் தம்மை வெளியேற்றிய நடுவரைப் பிடித்துத் தள்ளினார், நடுவர் விழுந்தார். 11 ஆட்டங்களுக்குத் தடை கிடைத்தது. அதே மனிதர், 2000 டிசம்பரில் எவர்ட்டன் குழுவுடன் ஆடினார். ஆட்டம் 1-1 என்று முடியும் தறுவாய். எதிரணிக் கோல் காவலர் அடிபட்டுக் கீழே கிடந்தார். பந்து டி கானியோவிடம் வந்தது. அவர் கோல் அடிக்கவில்லை; கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணி ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். 2001-இல் அதற்காக ஃபிஃபாவின் நேர்மை விருதும் பெற்றார்.

மாணவர்களே, தவறியவனும் திருந்தலாம். கோபத்தை அடக்கியவனே கெட்டிக்காரன்.

பெற்றோர்களே, அன்று திடலோரம் நின்று நடுவரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். நம் வாயைப் பார்த்துத்தானே பிள்ளைகள் பேசுகிறார்கள்?

மறுநாள் அந்த மாணவன் நடுவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். அவனோடு நானும் போனேன்.